வாளியைக் கொடுத்தவர் யார்? வானொலிப் போட்டிகளின் ஆரம்ப காலம்

சித்திரை வருடப்பிறப்பு வந்தால் போதும், திருகோணமலையில் உப்புவெளி, பாலையூற்று, திருக்கடலூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு விளையாட்டுக் கழகமோ சனசமூக நிலையமோ போட்டி வைத்துக்கொண்டிருக்கும். சாக்கோட்டம், சங்கீதக் கதிரை, யானைக்குக் கண் வைத்தல், முட்டி உடைத்தல் எல்லாம் முடிந்து வெயில் தணிந்த பிறகு, மைக் பிடித்தவர் "அடுத்தது பாட்டுக்குப் பாட்டு" என்பார். அதுவரை மர நிழலில் ஒதுங்கி நின்றவர்களும் கதிரையை இழுத்துக்கொண்டு முன்னுக்கு வருவார்கள். வெல்பவருக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி கிடைக்கும், அல்லது ஒரு சுவர்க்கடிகாரம். அதைத் தந்த கடையின் பெயரை மைக்காரர் பின்னேரம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார். பரிசு வாங்கியவரின் பெயர் ஒரு தரம்தான் கேட்கும், கடையின் பெயர் இருபது தரம் கேட்கும்.

வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வந்த போட்டி நிகழ்ச்சிகளின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். கேள்வி கேட்டவரின் குரலையும் வென்றவரின் கெட்டித்தனத்தையும் பற்றித்தான் நாங்கள் கதைக்கிறோம். ஆனால் என்ன விதி, எவ்வளவு பரிசு, பதில் எந்த வழியாக வர வேண்டும், யார் ஜெயித்தால் நல்லது என்பதையெல்லாம் பெரும்பாலும் முடிவு செய்தவர் பரிசுக்குக் காசு கொடுத்தவர்தான். அவரைப் பின்தொடர்ந்து போனால், அமெரிக்காவில் 1930களில் நடந்ததும் கொழும்பில் 1950களில் நடந்ததும் ஒரே கயிற்றில் முடிச்சுப் போட்டதுபோலத் தெரியும்.

ஆரம்பம் அமெரிக்காவில். அங்கே வானொலி அரசாங்கத்தின் கையில் இல்லை. சவர்க்காரம், சிகரெட், கோப்பி விற்கும் கொம்பனிகள்தான் நிகழ்ச்சிகளுக்குச் செலவு செய்தன. பல நிகழ்ச்சிகளை நிலையம் தயாரிக்கவே இல்லை, விளம்பர நிறுவனங்கள் தயாரித்தன. 1932இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரத்தில் ஒரு நிலையம் ஹோட்டல் ஜன்னல் வழியாக மைக்கை வீதிக்கு இறக்கி, போகிற வருகிறவர்களிடம் கேள்வி கேட்டு ஒலிபரப்பியது. 'வொக்ஸ் பொப்' என்று பெயர். அதுவரை வானொலியில் நடிகர், பாடகர், பிரசங்கி, அரசியல்வாதி ஆகியோரின் குரல்தான் வரும். இப்போது வீதியில் போகிற மனிதனின் குரல் வந்தது. தடுமாறினான், சிரித்தான், பிழையான பதில் சொன்னான். கேட்டவர்களுக்கு அதுதான் பிடித்தது.

விளம்பரக்காரர்களுக்கு வேறு காரணத்துக்காகப் பிடித்தது. நாடகம் போட எழுத்தாளர் வேண்டும், நடிகர் வேண்டும், வாத்தியக் கோஷ்டி வேண்டும். போட்டிக்கு ஒரு கேள்வித்தாளும் வாய்ச்சாலகமான ஓர் ஆளும் போதும். பங்கெடுப்பவர் சம்பளம் கேட்கமாட்டார். பொருளாதார மந்தத்தில் ஊரே வேலையில்லாமல் நின்ற காலம் அது. நாலு டொலர் பரிசென்றாலும் சனம் வரும். 1936இல் சிபிஎஸ் வானொலியில் 'புரொபசர் குவிஸ்' தொடங்கியது. வினாடி வினா என்று நாங்கள் இன்றைக்குச் சொல்லும் வடிவத்தில் நாடு முழுக்கப் போன முதல் நிகழ்ச்சி என்று பொதுவாக இதைத்தான் குறிப்பிடுவார்கள். அதற்குப் பிறகு ஈசல் கிளம்பியதுபோல ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

அவற்றில் எனக்குப் பிடித்தது 1938 மே மாதம் தொடங்கிய 'இன்ஃபர்மேஷன் பிளீஸ்'. மற்றப் போட்டிகளைத் தலைகீழாகப் பிரட்டிப் போட்ட நிகழ்ச்சி அது. கேள்வி கேட்பவர்கள் நேயர்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் அறிஞர்கள். தபாலில் வந்த கேள்விகளை கிளிஃப்டன் ஃபடிமன் வாசிப்பார். அறிஞர்கள் திணறிப்போனால் கல்லாப்பெட்டி மணி அடிக்கும் சத்தம் வரும், கேள்வியை அனுப்பியவருக்குப் பணம் போகும். பிறகு பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்தின் முழுத் தொகுதியையும் பரிசாகக் கொடுத்தார்கள். ஏதோ ஓர் ஊரில் இருக்கும் பள்ளிக்கூட வாத்தியார் நியூயோர்க் பண்டிதரை மடக்கிவிட்டார் என்பதில் கேட்கிற எல்லோருக்கும் ஒரு பங்கு சந்தோஷம்.

பணத்தின் பக்கமாக வளர்ந்த கிளை வேறு. 1939இல் என்பிசி வானொலியில் வந்த 'பொட் ஓ கோல்ட்' நிகழ்ச்சிக்குக் கேள்வியே கிடையாது. சக்கரத்தைச் சுற்றி, தொலைபேசிப் புத்தகத்திலிருந்து ஒரு நம்பரை எடுத்து அழைப்பார்கள். எடுத்துப் பேசினால் 1,000 டொலர். அவ்வளவுதான். அன்றிரவு வீட்டை விட்டு வெளியே போகச் சனம் தயங்கியது, தியேட்டர்காரர்கள் தலையில் கை வைத்தார்கள். படம் பார்க்க வந்ததால் அழைப்பைத் தவறவிட்டவருக்கு நாங்களே 1,000 டொலர் தருகிறோம் என்று சில தியேட்டர்கள் அறிவிக்கும் அளவுக்குப் போனது. இப்படி ஒரு போட்டியை அந்தக் காலத்துத் திருகோணமலையில் நடத்தியிருந்தால் அரசாங்க அதிபரின் கச்சேரிக்கும் துறைமுகக் கந்தோர்களுக்கும் கடற்படைக்கும்தான் பரிசு மாறி மாறிப் போயிருக்கும். தொலைபேசி இருந்தது அங்கேதானே.

1940இல் வந்த 'டேக் இட் ஓர் லீவ் இட்' இன்றைக்கும் உயிரோடிருக்கும் ஒரு பொறியைக் கண்டுபிடித்தது. முதல் கேள்விக்கு 1 டொலர். அடுத்தது 2, பிறகு 4, 8, 16, 32, கடைசியில் 64. ஒவ்வொரு படியிலும் போட்டியாளர் முடிவு செய்ய வேண்டும்: உள்ளதை எடுத்துக்கொண்டு இறங்குவதா, மேலே போய்ப் பார்ப்பதா? மேலே போகிறேன் என்றால் மண்டபத்தில் இருப்பவர்கள் "பிறகு கவலைப்படுவாய்" என்று கூச்சல் போடுவார்கள். கேள்விக்குப் பதில் தெரியுமா என்பதைவிட ஆசைக்கு எங்கே கடிவாளம் போடுவான் என்பதில்தான் சுவாரசியம் என்று அந்த நிகழ்ச்சியைத் தயாரித்தவர்கள் கண்டுகொண்டார்கள். கோடீஸ்வரன் நிகழ்ச்சிகளின் ஏணி இந்த 64 டொலரில்தான் தொடங்குகிறது.

பரிசுகள் பெருகப் பெருக அமெரிக்க அரசுக்கு ஒரு சந்தேகம் வந்தது. இது லொத்தர் சீட்டு இல்லையா? 1949இல் ஒலிபரப்பு ஆணைக்குழு இவ்வகை நிகழ்ச்சிகளைத் தடுக்க விதி கொண்டுவந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் 1954இல் தீர்ந்தது. லொத்தர் என்றால் மூன்று வேண்டும்: பரிசு, அதிர்ஷ்டம், பங்குபற்றுபவர் கொடுக்கும் விலை. வீட்டில் இருந்து வானொலி கேட்பது விலை கொடுப்பதாகாது, ஆகவே இது லொத்தர் அல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டப்படி அது சரி. கொம்பனிக்காரனைக் கேட்டால், நேயரின் காது நேரத்துக்குத்தான் நான் காசு கொடுக்கிறேன் என்றிருப்பான்.

இனி கடலுக்கு அந்தப் பக்கம். பிரித்தானியாவில் பிபிசிக்கு விளம்பரம் கிடையாது, வானொலிப் பெட்டி வைத்திருப்பவர்கள் கட்டும் லைசன்ஸ் பணத்தில்தான் அது நடந்தது. ஆகவே பரிசிலும் கை இறுக்கம். தொலைக்காட்சியில் உலகின் முதல் போட்டி நிகழ்ச்சியை நடத்தியதும் பிபிசிதான். 1938 மே 31இல் 'ஸ்பெல்லிங் பீ' என்ற எழுத்துக்கூட்டும் போட்டி, 15 நிமிடம். அப்போது லண்டனைச் சுற்றிச் சில ஆயிரம் வீடுகளில்தான் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. போருக்குப் பிறகு 1946இல் வில்ஃபிரட் பிக்கிள்ஸ் ஊர் ஊராகப் போய் நடத்திய 'ஹாவ் எ கோ' நாடு முழுக்கப் பிரபலமானது. ஆனால் பரிசு சில்லறைக் காசுதான்.

பெரிய பரிசு வேண்டுமானால் பிரித்தானியச் சனம் வானொலி முள்ளை லக்சம்பேர்க் பக்கம் திருப்ப வேண்டும். ஐரோப்பாவின் அந்தச் சின்ன நாட்டில் சக்திவாய்ந்த அலைபரப்பி ஒன்றை வைத்து, பிரித்தானியாவை நோக்கி ஆங்கிலத்தில் விளம்பர நிகழ்ச்சிகளை அனுப்பினார்கள். பிபிசி விளம்பரம் எடுக்காததால் பிரித்தானியக் கொம்பனிகளின் பணம் அங்கே போனது. 'டபுள் யுவர் மணி', 'டேக் யுவர் பிக்' ஆகிய இரண்டு பிரபல போட்டிகளும் அங்கேதான் வளர்ந்தன. 1955இல் ஐடிவி என்ற விளம்பரத் தொலைக்காட்சி பிரித்தானியாவுக்குள்ளேயே தொடங்கியதும் இரண்டும் அங்கே குடிபெயர்ந்தன.

உள்நாட்டு வானொலி விளம்பரத்தை மறுக்கிறது. எல்லைக்கு வெளியே ஒரு பெரிய அலைபரப்பி நிற்கிறது. வியாபாரிகளின் பணம் எல்லை தாண்டுகிறது. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு தெற்காசியாவைப் பார்த்தால் லக்சம்பேர்க் இருந்த இடத்தில் எங்கள் நாடு நிற்கும்.

கொழும்பில் வானொலி 1925 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் பெரிய அலைபரப்பி வந்தது போரால். மவுண்ட்பேட்டன் தலைமையிலான தென்கிழக்காசியக் கட்டளைப் பீடம் 1944இல் கண்டிக்கு வந்தது. ஆசியா முழுக்கப் பரவியிருந்த படையினருக்காக ரேடியோ சியக் என்ற நிலையத்தை நடத்தினார்கள். கொழும்புக்கு அண்மையிலுள்ள ஏக்கலையில் 100 கிலோவாட் சிற்றலை அலைபரப்பி நிறுவப்பட்டது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியர் குண்டு போட்ட திருகோணமலைத் துறைமுகமும் அந்தப் படைகளின் தளங்களில் ஒன்று. பிரித்தானியக் கடற்படை இங்கிருந்து கிளம்பியது 1957இல்தான். போர் முடிந்தது, படை போனது, அலைபரப்பி மிஞ்சியது. 1949இல் அது இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. சிப்பாயின் பொழுதுபோக்குக்கு வாங்கிய இயந்திரத்தை வைத்து என்ன செய்வது என்ற கேள்விக்கு விடைதான், விளம்பரம் எடுக்கும் வர்த்தக சேவை. 1950 செப்டம்பர் 30இல் அது தொடங்கியது. கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தின் கீழ் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபர்ட் டொட் அதைக் கட்டியெழுப்பினார்.

அந்தப் பக்கம் இந்தியாவில் அகில இந்திய வானொலிக்கு விளம்பரம் கிடையாது. அதன் விவித் பாரதி சேவையில் விளம்பரம் வந்தது 1967இல்தான். போதாக்குறைக்கு 1952இல் வானொலிக்குப் பொறுப்பான அமைச்சர் கேஸ்கர் சினிமாப் பாட்டையும் ஒதுக்கிவைத்தார். பாட்டுக்குத் தவித்த கோடிக்கணக்கான காதுகள் ஒரு பக்கம், விளம்பரம் செய்ய இடமில்லாத பற்பசைக் கொம்பனிகள் இன்னொரு பக்கம். இரண்டும் கொழும்பில் சந்தித்தன.

பினாக்கா பற்பசையின் அனுசரணையில் கொழும்பிலிருந்து ஹிந்தியில் வந்த 'பினாக்கா கீத்மாலா' என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது வாரா வாரம் பாட்டுகளை வரிசைப்படுத்தும் நிகழ்ச்சி. ஆனால் 1952 டிசம்பரில் அது தொடங்கியபோது ஒரு போட்டி. ஏழு பாட்டுகளை முன்பின்னாகப் போடுவார்கள். எந்தப் படம் முதலில் வந்தது, எது பிறகு என்று காலவரிசைப்படி அடுக்கி நேயர்கள் கடிதம் எழுத வேண்டும். சரியாக எழுதியவர்களுக்குப் பரிசு 100 ரூபா. முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்ததாகவும், பிறகு அது வாரத்துக்கு 65,000 வரை போனதாகவும் அதை நடத்திய அமீன் சயானி சொல்லியிருக்கிறார். அத்தனை கடிதங்களையும் பிரித்துத் திருத்த முடியாமல்தான் போட்டியைக் கைவிட்டுத் தரவரிசைக்கு மாறினார்கள். 100 ரூபா செலவில் 65,000 பேர் உங்கள் பற்பசையின் பெயரைத் தங்கள் கையாலேயே உறையில் எழுதி முத்திரையும் ஒட்டி அனுப்புகிறார்கள் என்றால், இதைவிட மலிவான விளம்பரம் வேறெங்கே கிடைக்கும்?

தமிழ் வர்த்தக சேவையும் இதே அலையில் ஏறியது. அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனன் பேசினால் தமிழ்நாட்டில் தேநீர்க்கடைப் பெஞ்சு நிரம்பியது. பிறகு கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் என்று ஒரு வரிசையே வந்தது. சிற்றலை மேலே போய் வானத்தில் பட்டுத் திரும்பி விழும் அலை. பக்கத்து ஊரைத் தாண்டித் தூரத்து ஊரில் இறங்குவது அதன் குணம். அதனால்தான் கொழும்பின் குரல் கடல் கடந்து அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

எங்கள் பக்கத்தில் அதை எப்படிக் கேட்டார்கள் என்றால், முதலில் பெட்டி சூடாக வேண்டும். வால்வு வானொலியைப் போட்டவுடன் சத்தம் வராது. உள்ளே செம்மஞ்சளாக வெளிச்சம் பிடித்து, ஒரு முனகல் கிளம்பி, பிறகுதான் ஆள் பேசுவார். அந்த இடைவெளியில் ஒருவர் முள்ளைத் திருப்ப, இன்னொருவர் கொப்பியும் பென்சிலுமாகத் தயாராக இருப்பார். நகரத்தில் மின்சாரம், மூதூர், தம்பலகாமம் பக்கம் பற்றரி. பற்றரி இறங்கினால் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவார்கள். போட்டி நேரத்துக்காகப் பற்றரியை மிச்சம் பிடித்து வைப்பதும் நடந்தது. பதிலைத் தபாலட்டையில் எழுதிப் போட்டால் அது கொழும்புக்குப் போகும் இரவு ரயிலைப் பிடித்து, கல்லோயாச் சந்தி வழியாகப் போய்ச் சேர வேண்டும். கொழும்பு நேயர் அடுத்த நாளே கையில் கொண்டுபோய்க் கொடுக்கலாம், மூதூர்க்காரரின் அட்டை முதலில் வள்ளம் ஏறவேண்டும். தபால் போட்டிகளுக்கு முடிவுத் திகதியும் குலுக்கலும் ஏன் வந்தன என்பதற்கு இதுதான் காரணம். முதலில் வந்த சரியான பதிலுக்குப் பரிசு என்று வைத்தால் தூரத்து ஊர்க்காரன் பேனாவைக் கீழே வைத்துவிடுவான். அவன் பேனாவைக் கீழே வைத்தால் அவன் ஊரில் சவர்க்காரம் விற்காது.

ஒரு கிளைக்கதை: 1980களில் திருகோணமலைக்கு வடக்கே கரையோரத்தில் ஜெர்மனியின் டொய்ச் வெல்லே வானொலி ஒரு பெரிய மறுஒலிபரப்பு நிலையம் கட்டியது. சிற்றலைக்கும் மத்திய அலைக்கும் பெரிய பெரிய கோபுரங்கள். ஆசியாவுக்கே கேட்கிற அந்தக் குரல் எங்கள் தலைக்கு மேலாகப் போனது, எங்களுக்கென்று அதில் ஒன்றும் இல்லை. 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கைமாறியது.

சரி, தொலைக்காட்சிக்கு வருவோம். 1955 ஜூன் 7இல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'த 64,000 டொலர் குவெஸ்ச்சன்' தொடங்கியது. பழைய 64 டொலர் ஏணியை ஆயிரத்தால் பெருக்கினார்கள், அவ்வளவுதான். ஆனால் கண்ணுக்கு விருந்து வேண்டுமே. கேள்விகள் வங்கிப் பெட்டகத்தில் பூட்டப்பட்டு, வங்கி அதிகாரி ஒருவர் காவலர்கள் சூழ மேடைக்குக் கொண்டுவந்தார். போட்டியாளரைக் கண்ணாடிக் கூண்டுக்குள் நிறுத்தினார்கள். அனுசரணை ரெவ்லோன் என்ற அழகுசாதனக் கொம்பனி. அந்த வருடம் அதன் லிப்ஸ்டிக் கடைகளில் தட்டுப்பாடாகிவிட்டது. மற்றக் கொம்பனிகள் விழித்துக்கொண்டன, ஆளாளுக்கு ஒரு வினாடி வினாவைத் தேடி ஓடின.

இங்கேதான் காசு கொடுத்தவரின் கை உள்ளே நுழைகிறது. யார் இந்த வாரம் தொடர வேண்டும், யார் போக வேண்டும் என்று ரெவ்லோன் ஆட்கள் தயாரிப்பாளர்களுக்குச் சொல்லத் தொடங்கினார்கள். பார்ப்பவர்களுக்குப் பிடிக்காத ஆள் என்றால் அவருக்குக் கடினமான கேள்வி. ஜோய்ஸ் பிரதர்ஸ் என்ற உளவியலாளரை அப்படி வெளியேற்றப் பார்த்தார்கள். அவர் எடுத்த பாடம் குத்துச்சண்டை. வீரர்களை விட்டுவிட்டு நடுவர்களைப் பற்றிக் கேட்டார்கள். அந்த மனுஷி அதையும் படித்துவைத்திருந்தார், 64,000 டொலரையும் வென்றார்.

'ட்வென்டி ஒன்' என்ற இன்னொரு வினாடி வினா அவ்வளவு நாசூக்காக நடக்கவில்லை. இரண்டு போட்டியாளர்கள், இரண்டு கூண்டுகள். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. 1 முதல் 11 புள்ளி வரை கேள்வியின் கடினத்தைத் தானே தெரிவு செய்து 21ஐ எட்ட வேண்டும். 1956 செப்டம்பரில் முதல் நிகழ்ச்சியை நேர்மையாகத்தான் நடத்தினார்கள். இரண்டு பேரும் கேள்விக்குக் கேள்வி பிழைவிட, பார்க்கச் சகிக்கவில்லை. ஜெரிட்டோல் என்ற சத்து மருந்துக் கொம்பனிதான் அனுசரணை. இப்படி ஒன்று இனி நடக்கக்கூடாது என்று அது கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. தயாரிப்பாளர் டான் என்ரைட் அதன் பிறகு எதையும் அதிர்ஷ்டத்துக்கு விடவில்லை. ஹேர்பேர்ட் ஸ்டெம்பல் என்ற போட்டியாளருக்குப் பதில்களை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை, பொருந்தாத கோட்டுப் போடவும், முடியை ஒட்ட வெட்டவும், நெற்றி வியர்வையைத் துடைக்காமல் ஒற்றி எடுக்கவும் பழக்கினார். கூண்டுக்குள் குளிரூட்டியை நிறுத்திவிட்டால் வியர்வை தானாக வரும். ஏழைப் படிப்பாளி என்ற வேஷம்.

சில வாரங்களில் அந்த வேஷம் சனத்துக்கு அலுத்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கற்பித்த சார்ள்ஸ் வான் டோரனைக் கொண்டுவந்தார்கள். அழகன், பெயர்பெற்ற இலக்கியக் குடும்பத்துப் பிள்ளை. 1956 டிசம்பர் 5இல் ஸ்டெம்பல் தோற்க வேண்டும் என்று உத்தரவு. முந்திய வருடம் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் எதற்கு என்பது கேள்வி. விடை 'மார்ட்டி'. ஸ்டெம்பல் விரும்பி மூன்று தரம் பார்த்த படம் அது. தெரிந்த பதிலை விழுங்கிவிட்டுப் பிழையான படத்தைச் சொன்னார். வான் டோரன் 129,000 டொலர் வரை வென்று, டைம் சஞ்சிகையின் அட்டைக்கே போனார்.

ஸ்டெம்பல் பத்திரிகைகளிடம் போனார், முதலில் ஒருவரும் நம்பவில்லை. 1958இல் 'டொட்டோ' என்ற வேறு நிகழ்ச்சியில் காத்திருந்த ஒருவர், இன்னொரு போட்டியாளரின் குறிப்புப் புத்தகத்தில் பதில்கள் முன்கூட்டியே எழுதப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்த பிறகுதான் எல்லாம் உடைந்தது. விசாரணைக்கு வந்தவர்களில் பலர் சத்தியம் செய்து பொய் சொன்னார்கள். 1959 நவம்பர் 2இல் காங்கிரஸ் குழுவின் முன் வான் டோரன் உண்மையை ஒப்புக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், போட்டியில் மோசடி செய்வதைத் தடுக்க அன்றைக்கு ஒரு சட்டமும் இருக்கவில்லை. குற்றமாகப் பிடித்தது சத்தியத்துக்குப் பின் பொய் சொன்னதை மட்டும்தான். 1960இல்தான் சட்டம் திருத்தப்பட்டது.

சட்டத்தைவிடப் பெரிய மாற்றம் நிர்வாகத்தில் நடந்தது. அதுவரை ஒரு நிகழ்ச்சி முழுவதும் ஒரு கொம்பனியின் சொத்துப்போல. அதற்குப் பிறகு நிகழ்ச்சியை நிலையம் தன் கையில் எடுத்தது, கொம்பனிகளுக்கு இடையிடையே சில நிமிட விளம்பர நேரம் மட்டும் விற்கப்பட்டது. இன்றைக்கு நாங்கள் திட்டித் தீர்க்கும் விளம்பர இடைவேளை அப்படி நிலைத்ததுதான்.

நாங்கள் பிறகு 'பாட்டுக்குப் பாட்டு' என்று கொண்டாடியது இந்த வரலாற்றின் எந்தக் கிளையிலும் சேராதது. இலங்கை வானொலியில் அப்துல் ஹமீதின் குரலோடு சேர்ந்து வளர்ந்த நிகழ்ச்சி அது. முந்திய பாட்டு முடிந்த இடத்திலிருந்து ஓர் எழுத்துக் கொடுக்கப்படும், அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாட வேண்டும், மணி அடிப்பதற்குள் வர வேண்டும். ஓர் அடியின் முடிவு அடுத்ததன் தொடக்கமாகும் அந்தாதி எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அந்தாதி படித்தவர்களின் சொத்து, சினிமாப் பாட்டு எல்லோருக்கும் சொந்தம். கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் பொடியனும் பாலையூற்றுக் கத்தோலிக்கப் பிள்ளையும் கோணேசர் கோயிலடிப் பெட்டையும் ஒரே பாட்டுப் புத்தகத்தைத்தான் மனதில் வைத்திருப்பார்கள். பொது அறிவுக் கேள்விக்குப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும், இதற்கு வானொலி கேட்டிருந்தால் போதும்.

தமிழுக்கென்று இதில் ஒரு சிக்கலும் உண்டு. ண, ழ, ள, ற, ன ஆகிய எழுத்துகளில் தமிழ்ச் சொல் தொடங்காது. பாட்டு 'அவள்' என்று முடிந்தால் அடுத்தவருக்கு எந்த எழுத்தைக் கொடுப்பது? வருடப்பிறப்புப் போட்டிகளில் மைக்காரர்களின் கெட்டித்தனம் இங்கேதான் வெளிப்படும். கடைசிச் சொல்லை விட்டு அதற்கு முந்திய சொல்லுக்குத் தாவுவார்கள், அல்லது சொல்லின் முதலெழுத்தைப் பிடிப்பார்கள். ஆளைப் பார்த்து லேசான எழுத்தைக் கொடுத்தார் என்ற சண்டையும் இங்கேதான் வரும். 'க' கிடைத்தவனுக்கு நூறு பாட்டு, 'ஞா' கிடைத்தவன் கதி அதோகதி.

ஆனாலும் அமெரிக்காவில் நடந்த மாதிரி ஒரு மோசடி இதில் வேர்பிடிக்காது என்பது என் எண்ணம். ஒன்று, பரிசு சிறியது. வாளிக்காக யார் சதி செய்வான்? இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். வான் டோரனின் பதில் சரியா என்று பார்த்துக்கொண்டிருந்த பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது, தயாரிப்பாளர் சொல்வதை நம்ப வேண்டும். பாட்டுக்குப் பாட்டில் எதிரே இருக்கும் அத்தனை பேரும் நடுவர்கள். பிழையான வரியைப் பாடினால் பின்வரிசையில் இருக்கும் கிழவி எழும்பித் திருத்துவாள்.

இலங்கைக்குத் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் ஐடிஎன் என்ற நிலையம் மூலமாக வந்தது. 1982 பெப்ரவரியில் ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினி. அதில் தமிழுக்குக் கிடைத்த நேரம் கொஞ்சம்தான். இந்தியாவில் 1985இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசுவின் 'குவிஸ் டைம்' கல்லூரி மாணவர்களுக்கானது, ஆங்கிலம் தெரிந்த வீடுகளுக்கானது. தமிழ்ச் சனத்தைத் தொலைக்காட்சியின் முன் போட்டிக்காக இருத்தியது மறுபடியும் அதே பாட்டுத்தான். 1993இல் சன் டிவி தொடங்கிய பிறகு, கொழும்பு வானொலியில் வளர்ந்த பாட்டுக்குப் பாட்டு அப்துல் ஹமீதோடு சென்னைத் திரைக்குப் போய், அங்கிருந்து செய்மதி வழியாகத் திருகோணமலை வீடுகளுக்குத் திரும்பி வந்தது. எங்கள் தோசையை அடுத்த வீட்டுக்காரர் தட்டில் வைத்து எங்களுக்கே பரிமாறியது மாதிரி. ருசி குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

1998இல் பிரித்தானியாவில் தொடங்கிய 'மில்லியனர்' என்ற வினாடி வினா 2000 ஜூலையில் அமிதாப் பச்சனோடு இந்தியாவுக்கு வந்தது. பின்னாலேயே சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரன்' சன் டிவியில். இந்த அலை கொண்டுவந்த புதுமை கோடி ரூபா அல்ல, தொலைபேசி நம்பர். பங்கெடுக்க அழைக்க வேண்டும், பிறகு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும், அழைப்புக்குக் கூடுதல் கட்டணம். எங்கள் எஃப்எம் வானொலிகளும் இதே வழியில் இறங்கின. இப்போது பரிசுக்குக் காசு கொடுப்பது சவர்க்காரக் கொம்பனி மட்டுமல்ல, தோற்கப்போகும் ஆயிரக்கணக்கான நேயர்களும்தான். 1954 தீர்ப்பு ஒரு தூணில் நின்றது: வீட்டிலிருந்து கேட்பவர் எந்த விலையும் கொடுப்பதில்லை. கூடுதல் கட்டண நம்பர் வந்ததும் அந்தத் தூண் சரிந்தது. 2007இல் பிரித்தானியாவில் ஜிஎம்டிவி என்ற காலை நிகழ்ச்சி நிறுவனத்துக்கு 20 லட்சம் பவுண் அபராதம் விழுந்தது. தொலைபேசி இணைப்புகளை மூடுவதற்கு முன்னரே இறுதிக்கு வருபவர்களைத் தெரிவுசெய்துவிட்டு, மிச்சப் பேரின் அழைப்புகளுக்குத் தொடர்ந்து காசு வாங்கியிருந்தார்கள்.